749 ரூபாய் ஆன்லைன் வயர் கூடை கிட், விளக்குத்தூண் சந்துல வாங்கின கட்டு வயர்: ரெண்டுலயும் பின்னிப் பாத்துட்டு எழுதுறேன்

போன ஆடி மாசம் ஆன்லைன்ல ஒரு வயர் கூடை கிட் ஆர்டர் பண்ணேன், விலை 749, டெலிவரிக்கு 49, மொத்தம் 798 ரூபாய். வீட்ல இருந்தே கூடை பின்னலாம், புதுசா கத்துக்குறவங்களுக்கு எல்லாமே ஒரே பெட்டியில இருக்கும்னு போட்டிருந்தாங்க. அத முழுசா பின்னி முடிச்சேன், அப்புறம் இன்னொரு கூடைய இங்க மதுரையில விளக்குத்தூண் பக்கத்துல ஒரு சந்துக்கடையில உதிரியா வயர் வாங்கியும் பின்னினேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நான் நினைச்சதவிட ரொம்ப பெருசு, அதான் நேரம் எடுத்து விவரமா எழுதுறேன். யாராவது இப்ப அந்த மாதிரி கிட் ஒன்ன கார்ட்ல போட்டு வச்சிருந்தீங்கன்னா இத படிச்சுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. கம்பெனி பேர் போடல, இதே மாதிரி பெட்டி நிறைய பேர் விக்கிறாங்க, எதுவா இருந்தாலும் பாக்க வேண்டிய விஷயம் ஒன்னு தான்.

நான் ஏன் இதுல இறங்கினேன்னா, என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா அவ ஒரு மூலையில போனு நான் ஒரு மூலையில போனு, கண்ணு எரியுற வரைக்கும் பாத்துட்டு அப்புறம் சாப்பிட்டு படுக்குறது, இதே தான் தினமும். கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும், செலவு அதிகம் ஆகக்கூடாது, செஞ்ச பொருள் ஷோகேஸ்ல தூங்காம வீட்டுக்கு உபயோகமா இருக்கணும்னு நினைச்சேன். எங்க வீட்டு சமையல்கட்டு ஆணியில அம்மா பின்னின ஒரு கூடை தொங்குது, பச்சையும் வெள்ளையும், 1994ல நான் மூணாவது படிக்கிறப்ப பின்னினது. அம்மா இப்ப இல்ல. அவங்க பின்னும்போதெல்லாம் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்திருக்கேன், ஆனா ஒரு முடிச்சு கூட கத்துக்கல, கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பாங்க. அந்த வருத்தம் ரொம்ப நாளா உள்ள இருந்துச்சு.

சரி, கிட்டுக்கு வரேன். பெட்டி பாக்க அழகா இருந்துச்சு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். உள்ள 5 அடி நீளத்துல வெட்டின வயர் 20 (இத கட்டிங் வயர்னு சொல்வாங்க), ரன்னிங் வயர் (வரிசையாவும் சுத்தியும் ஓடுற வயர்) ஒரு சின்ன சுருள், கைப்பிடிக்கு உள்ள வைக்கிற ட்யூப் ரெண்டு, அடியில மாட்ட நாலு பிளாஸ்டிக் கால், நாலு பக்கத்துக்கு ஒரு படம் போட்ட தாள், அதுல வீடியோவுக்கு ஒரு கியூஆர் கோடு. கலரு மஸ்டர்ட் மஞ்சளும் மெரூனும், நல்ல ஜோடி.

தெரியாதவங்களுக்காக எப்படி பின்றதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், இது தெரிஞ்சா தான் கிட்டுல என்ன தப்புன்னு புரியும். கட்டிங் வயர் ஒவ்வொன்னையும் நடுவுல மடிச்சு, அந்த நடு இடத்துல ரன்னிங் வயரோட சேர்த்து முடிச்சு போட்டுக்கிட்டே போகணும், இப்படி ஒரு வரிசை முடிஞ்சா அதுக்கு பக்கத்துல அடுத்த வரிசை, இந்த வரிசைங்க சேர்ந்தா தான் கூடையோட அடி. ஒவ்வொரு வரிசையிலயும் ரன்னிங் வயருக்கு ரெண்டு முனையிலயும் நீளமா வால் விடணும், ஏன்னா அடி முடிஞ்சதும் அந்த வாலும் கட்டிங் வயரும் எல்லாமே மேல திரும்பி கூடையோட சுவரா நிக்கும், அதுங்கள சுத்தி சுத்தி ரன்னிங் வயர் ஓடும். மேல வந்ததும் மிச்சம் இருக்கிற வால உள்பக்கமா முடிச்சுக்குள்ள சொருகி இழுத்து வெட்டணும். ஆக, கட்டிங் வயர் எவ்வளவு நீளமோ கூடை அவ்வளவு தான் உயரும்.

இப்ப அந்த 5 அடிக்கு வருவோம். பெட்டி மேல போட்டிருந்த படத்துல நான் எண்ணிப் பாத்தேன், சுவர் 18 சுத்து. எனக்கு பதிமூணாவது சுத்து முடிக்கும்போதே கையில நாலு விரக்கடை வயர் தான் மிச்சம். சொருகவே வால் இல்ல, ரெண்டு சுத்த பிரிச்சேன், பிரிச்சா மடிஞ்ச இடமெல்லாம் வெள்ள வெள்ளையா கோடு விழுந்து நிக்குது. கடைசியில பதினோரு சுத்தோட ஒரு கூடை வந்துச்சு, ரெண்டு தேங்காயும் வெத்தலை பாக்கும் வைக்கலாம், காய்கறி வாங்க எடுத்துட்டு போக முடியாது. முதல் தடவை பின்றவங்க எல்லாருமே முடிச்ச தொளதொளன்னு தான் போடுவாங்க, அதுக்கு வயர் இன்னும் கூட செலவாகும், அப்ப புதுசா கத்துக்குறவங்களுக்குன்னு விக்கிற கிட்ல தான் நீளம் தாராளமா இருக்கணும், இங்க அப்படியே தலைகீழா இருக்கு.

அடுத்தது அந்த வீடியோ. 11 நிமிஷம், பின்னாடி பாட்டு ஓடுது, பேச்சே இல்ல, பின்றவங்க கை அவ்வளவு வேகம், முடிச்சு போடுற இடத்துல கட்டைவிரல் மறைச்சுக்குது. நானும் பொண்ணும் மாத்தி மாத்தி நிறுத்தி நிறுத்தி பாத்தோம். அடி முடிஞ்சு மூலை திரும்புற இடம் தான் இதுல கஷ்டமானது, அங்க தான் எல்லாரும் விட்டுட்டு போவாங்க, அந்த இடத்த வீடியோவுல வெட்டிட்டு நேரா சுவருக்கு தாவிட்டாங்க. தாள்லயும் அந்த படம் இல்ல. கஸ்டமர் கேருக்கு எழுதினேன், ஆறு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, அடுத்த ஆர்டருக்கு 100 ரூபாய் கூப்பன். வயர் நீளத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்கு கூப்பன் வேண்டாம், இன்னும் 20 வயர் அனுப்புங்கன்னு தான் கேட்டேன்.

அந்த கிட் பெட்டிய வச்சுக்கிட்டு முழிச்சுட்டு இருந்தப்ப தான் கீழ் வீட்டு பெரியம்மா மாடிக்கு வத்தல் எடுக்க வந்தவங்க பாத்தாங்க. அவங்களுக்கு 70 வயசு தாண்டிருச்சு, ஒரு காலத்துல கல்யாண சீருக்கெல்லாம் கூடை பின்னிக் குடுத்தவங்க. கிட் வயர ஒன்ன எடுத்து நகத்தால மடிச்சு நீவுனாங்க, உடனே கீழ போட்டுட்டாங்க.

"ஏத்தா, இது எவ்வளவுக்கு வாங்குன?"

"எழுநூத்தம்பது பெரிம்மா."

"இந்த காசுக்கு விளக்குத்தூணுல ஒம்போது கட்டு வாங்கலாம்த்தா. மடிச்சா வெள்ளையா போகுதுல்ல, இது நாள்பட நிக்காது, மடிப்புலயே விட்டுப்போகும். உங்க அம்மா கூடைய எடுத்துட்டு வா."

எதுக்குன்னு புரியல, எடுத்துட்டு வந்தேன். கூடைய கவுத்து வச்சு அடிய எண்ண ஆரம்பிச்சாங்க. நீளவாக்குல 26 முடிச்சு, அகலத்துல 8, சுவர் 20 சுத்து. அப்ப கட்டிங் வயர் 26, அடிக்கு ரன்னிங் வரிசை 8, மேல திரும்பும்போது சுத்தி 68 வயர் நிக்கணும்னு ஒரு பேப்பர் இல்லாம சொன்னாங்க. நீளத்துக்கு அவங்க கணக்கு இது தான்: ஒரு பக்க சுவர், அடியோட அகலம், இன்னொரு பக்க சுவர், மூணையும் சேர்த்து டேப்ல அளந்து மூணால பெருக்கு, சொருகுறதுக்கு ஒரு சாண் கூட்டு. அம்மா கூடைக்கு 10 இன்ச், 5 இன்ச், 10 இன்ச், மொத்தம் 25, மூணால பெருக்குனா 75, ஒரு சாண் ஒம்போது இன்ச் கூட்டுனா 84, சரியா 7 அடி. அந்த கிட்காரங்க குடுத்தது 5 அடி! எனக்கு அந்த நிமிஷம் கண்ணு கலங்கிருச்சு, கிட்டுக்காக இல்ல, அம்மா எப்படி பின்னாங்கன்னு கேக்க ஆளில்லையேன்னு இத்தன வருஷம் நினைச்சுட்டு இருந்தேன், அவங்க அளவு எல்லாம் அந்த ஆணியில தான் தொங்கிட்டு இருந்திருக்கு. உங்க வீட்லயும் பழைய கூடை ஒன்னு பரண்ல கிடக்கும், தூக்கி போட்றாதீங்க, எண்ணிப் பாருங்க.

இப்ப கடை. விளக்குத்தூண்ல இருந்து உள்ள போற சந்துல, பாத்திரக்கடை தாண்டி, சுவர் பூரா கலர் கலரா கட்டு கட்டா வயர் தொங்கும், ரெண்டு பேர் சேர்ந்து நிக்க இடம் இருக்காது. அண்ணாச்சி ஒருத்தர் தான் உக்காந்திருக்கார். போன உடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன கட்டு கூடைம்மா, சாதா முடிச்சா, நெல்லிக்காயா, சிவன் கண்ணா?" இந்த ஒரு கேள்விய அந்த கிட் விக்கிற ஆளுங்க யாருமே கேக்கல பாருங்க. ஏன்னா முடிச்சுக்கு முடிச்சு வயர் செலவு மாறும். சாதா முடிச்சு தான் குறைச்சலா எடுக்கும், நெல்லிக்காய் உருண்டு உருண்டு வரும், அதுவும் சிவன் கண்ணும் நிறைய வயர் குடிக்கும், அதுக்கு ஏத்த மாதிரி கட்டிங்கும் நீளமா வேணும். சாதா முடிச்சு, 26க்கு 8ன்னு சொன்னேன், அவரே கணக்கு போட்டு நாலு கட்டு போதும், அஞ்சாவது வேண்டாம், குறைஞ்சா வந்து வாங்கிக்கோங்கன்னுட்டார். கூட வித்தா தானே லாபம், ஆனா அவர் அப்படி செய்யல, இதுக்கே நான் முழு மார்க் குடுப்பேன்.

செலவு சொல்றேன், கட்டு 80 ரூபாய், நாலு கட்டு 320, கைப்பிடி ட்யூப் ஒரு ஜோடி 20, கால் நாலு 20, ஆக 360 ரூபாய். 749 குடுத்ததுக்கு பூஜைக்கூடை சைஸ் வந்துச்சு, 360 குடுத்ததுக்கு ஆறு கிலோ காய் தாங்குற கூடை வந்துச்சு. கட்டோட நீளமும் எடையும் கடைக்கு கடை மாறும், அதனால கலர மட்டும் பாக்காம கையில தூக்கிப் பாத்து, எத்தன மீட்டர்னு கேட்டு வாங்குங்க. மடிச்சு நீவி பாக்குற பரிசோதனைய கடையில வச்சே செய்ங்க, நல்ல கடைக்காரங்க கோச்சுக்க மாட்டாங்க, இவர் தானா ஒரு துண்டு வெட்டிக் குடுத்தார். நல்ல வயர்ல மடிச்ச தடம் விரலால தேச்சா மறைஞ்சிரும், பளபளப்பு போகாது, கையில ரப்பர் மாதிரி வளையும். மட்டமானது விறைப்பா இருக்கும், ஓரம் விரல அறுக்கும், கிட் வயர்ல எனக்கு ஆள்காட்டி விரல் ரெண்டு நாள் எரிஞ்சுச்சு.

கடையில குறையே இல்லையான்னா இருக்கு. ஒரு தடவை வாங்கின அதே நீலம் அடுத்த தடவை ஒரு சாயல் மாறி வருது, அதனால ஒரு கூடைக்கு வேண்டிய கலர ஒரே நேரத்துல வாங்கிடணும். பில் கிடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போனா அந்த சந்துல நுழையவே முடியாது, வண்டிய தூரமா நிறுத்திட்டு நடக்கணும், தீபாவளி நெருங்குற நேரத்துல அந்த பக்கமே போகாதீங்க. ஆனா துண்டு வயர் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு வச்சு எடைக்கு குடுக்குறார், பிள்ளைங்க பழகுறதுக்கு அது தான் சரி, என் பொண்ணு அதுல தான் முதல்ல நாலுக்கு நாலு ஒரு சதுரம் பின்னி பழகினா, இப்ப அது டீ டம்ளர் வைக்கிற மேட்டா இருக்கு.

இப்ப முக்கியமான ஒன்னு. கூடையும் பிளாஸ்டிக் தானே, அத பின்னிட்டு சுற்றுச்சூழல்னு எப்படிக்கா பேசுறன்னு என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி, நானும் இத யோசிச்சேன். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்திட்டு தூக்கிப் போடுற 14 வகை பிளாஸ்டிக்க தடை பண்ணாங்க, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சு கோயம்பேடு மார்க்கெட்ல 10 ரூபாய் போட்டா பை வர்ற மெஷின் கூட வச்சாங்க, ஆனாலும் எங்க தெரு காய்கறி வண்டியில இன்னைக்கும் கவர் தான். நான் எங்க வீட்டு கணக்க போட்டேன், வாரத்துக்கு ரெண்டு தடவை மார்க்கெட், தடவைக்கு நாலு கவர், வருஷத்துக்கு 416. அம்மா கூடை 1994ல இருந்து ஓடுது, கைப்பிடி மட்டும் ரெண்டு தடவை மாத்திருக்கோம். மீன் வாங்கினாலும் கழுவிக்கலாம், நனைஞ்சா கிழியாது, துணிப்பை மாதிரி அடியில தக்காளி நசுங்காது. தூக்கி எறியாம முப்பது வருஷம் வச்சிருக்கிற பிளாஸ்டிக்கும் முப்பது நிமிஷத்துல குப்பைக்கு போற பிளாஸ்டிக்கும் ஒன்னு இல்லங்கிறது என் முடிவு. ஆனா அது நல்ல வயரா இருந்தா தான். மடிப்புலயே விட்டுப்போற கிட் வயர்ல பின்னினா ரெண்டு வருஷத்துல அது குப்பை, என் கோவமே அதுல தான், பெட்டி மேல பச்சை இலை படம் போட்டு இயற்கைக்கு நல்லதுன்னு எழுதி வச்சு உள்ள இந்த வயர போட்டிருக்காங்க.

வெட்டி மிஞ்சுற நுனிங்கள தயவுசெஞ்சு எரிக்காதீங்க, அந்த புகை ரொம்ப கெடுதல். நான் ஒரு டப்பாவுல சேர்க்குறேன், விரல் நீளம் இருந்தா கூட கைப்பிடிக்குள்ள அடைச்சு கனமாக்கலாம். பிளாஸ்டிக்கே வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு பனை ஓலை இருக்கு, அது நம்ம மாநில மரம், செட்டிநாட்டு கொட்டானுக்கு (ஓலைக்கூடை) புவிசார் குறியீடே இருக்கு, தூத்துக்குடி பக்கம் மணப்பாட்டுல இன்னும் பெண்கள் ஓலையில பெட்டியும் கூடையும் முடையுறாங்க. ஓலைய ஈரப்பதமா வச்சு தான் முடையணும், காஞ்சா ஒடிஞ்சிரும், அதனால போன் பேசிக்கிட்டே அப்பப்ப எடுத்து பின்ற வேலை இல்ல அது. வயர அப்படியே பாதியில வச்சுட்டு நாலு நாள் கழிச்சு எடுக்கலாம், வேலைக்கு போற, பிள்ளைங்கள பாத்துக்கிற ஆளுங்களுக்கு இது பெரிய வசதி.

நான் ரெண்டாவது கூடைய 19 நாள்ல முடிச்சேன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பெரியம்மா பக்கத்துல. மூலை திரும்புற இடத்துல மூணு தடவை பிரிச்சேன். "ரன்னிங் வயர அங்குட்டு விட்டுட்டு இங்குட்டு முடியுறயே, மூலையில இழுத்துப் பிடி, தளர விட்டா கூடை கோணிக்கும்"னு அவங்க சொன்னது தான் பாடம், அது மாதிரி பக்கத்துல இருந்து கைய பிடிச்சு காட்ட ஒரு ஆள் கிடைச்சா வீடியோவே வேண்டாம். யாராவது ஒருத்தர் உங்க தெருவுல கண்டிப்பா இருப்பாங்க, அம்பது வயசுக்கு மேல உள்ளவங்கள கேளுங்க, எங்க காம்பவுண்ட்லயே மூணு பேருக்கு தெரிஞ்சிருக்கு, யாரும் கேக்காததால அவங்களும் சொல்லல. பார்வை இல்லாதவங்க விரல் தொட்டே நாற்காலிக்கு ஒயர் பின்றத ஆபீஸ்கள்ல பாத்திருப்பீங்க, இதுவும் அப்படித்தான், கண்ணவிட விரல் தான் கத்துக்கணும், பத்து வரிசைக்கு அப்புறம் கை தானா போகும்.

சின்ன சின்ன விஷயம் கொஞ்சம். சொருகும்போது வயர் நுனிய சாய்வா வெட்டுங்க, ஊசி மாதிரி நுழையும். முதல் வரிசை எண்ணிக்கைய ரெண்டு தடவை எண்ணிட்டு தான் அடுத்ததுக்கு போங்க, ஒன்னு தப்புனா பத்தாவது சுத்துல தான் தெரியும். ஆள்காட்டி விரல்ல பிளாஸ்திரி ஒட்டிக்கோங்க. பின்னி முடிச்ச கூடைய வெயில்ல வச்சே வைக்காதீங்க, சோப்பு தண்ணியில பிரஷ் போட்டு தேச்சு நிழல்ல கவுத்து வைங்க. கைப்பிடி தேஞ்சா கூடைய மாத்தாதீங்க, கைப்பிடிய மட்டும் அறுத்துட்டு புதுசா பின்னிக்கலாம், அரை கட்டு வயர் போதும்.

கிட்டுக்கு 5க்கு ஒன்றரை குடுக்குறேன், அந்த ஒன்றரையும் கலருக்கும், அத வாங்கினதால பெரியம்மா மாடியில நின்னு பாத்ததுக்கும். வெளிநாட்டுல இருக்கீங்க, கடையே இல்ல, வேற வழி இல்லன்னா வாங்குறதுக்கு முன்னாடி கட்டிங் வயர் எத்தன அடின்னு மட்டும் கேளுங்க, 7 அடிக்கு கீழ சொன்னா இந்த அளவு காய்கறி கூடை வராது. கடைக்கு நாலரை. அரை மார்க் அந்த கலர் மாறுறதுக்காக குறைச்சேன்.

இப்ப பொண்ணு ஸ்கூலுக்கு லஞ்ச் பேக் பின்னிட்டு இருக்கா, 14க்கு 7, கத்திரிப்பூ கலரும் வெள்ளையும். ஒம்போதாவது சுத்துல நிக்குது, ஏன்னா கத்திரிப்பூ தீந்துருச்சு, அண்ணாச்சி வெள்ளிக்கிழமை லோடு வருதுன்னு சொல்லிருக்கார், பழைய கலரோட ஒத்துப் போகுதான்னு பாக்க ஒரு துண்டு வெட்டி பர்ஸ்ல வச்சிருக்கேன்.